ஒரு நிலம், மூன்று காட்சிச்சாலைகள்

வாளையாற்றைக் கடந்து மேற்கே வந்தவர் சிலர். சின்னாற்றுக் காட்டுவழியே மறையூர் மலையேறி வந்தவர் சிலர். நம் சங்கத்துக் குடும்பங்களிற் பெரும்பாலானவை இவ்விரு வாயில்களுள் ஒன்றின் வழியாகவே இந்நாட்டிற்குள் வந்தவை. ஆலைக்கும் அணைக்கும் இரயிலுக்கும் தேயிலைத் தோட்டத்திற்கும் பணியாற்ற வந்து, காலனி வீடுகளிற் குடியமர்ந்து, இங்கேயே மக்களைப் பெற்று வளர்த்து வருகின்றோம். அம்மக்கள் பள்ளியில் வரலாறு கற்று வீடு திரும்பி, "நமக்கு முன்னே இங்கு யார் இருந்தார்கள்?" என்று வினவும்போது, நம்மிற் பலர் விடை கூற இயலாது நிற்கின்றோம்.

விடை மண்ணுக்குள் இருக்கின்றது. மண்ணிலிருந்து வெளிப்பட்ட பொருள்களிற் சில காட்சிச்சாலைகளில் இருக்கின்றன. அக்காட்சிச்சாலை எங்கேயுள்ளது என்று பிள்ளை மேலும் வினவினால், ஓர் ஊரின் பெயரைச் சொல்லி அமைய முடிவதில்லை. சென்னை, திருவனந்தபுரம், திருச்சூர் என மூன்று ஊர்களைச் சுட்ட வேண்டியிருக்கின்றது. ஒரே மலைத்தொடரை அடுத்து வாழும் நமக்கு மூன்று ஊர்கள் ஏன் வாய்த்தன? அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் எல்லையும்

மேற்கு மலைத்தொடர் வடக்கிலிருந்து தெற்கே நீண்ட சுவர் போல் நிற்கின்றது. அச்சுவரில் இயற்கையே திறந்துவைத்த பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் வரை அகலமுடைய இவ்வாயிலின் வழியே கொங்குநாட்டுக் காற்று மேற்கே வீசுகின்றது. மேல்கடல் மழைக்காற்று கிழக்கே செல்கின்றது. காற்றுக்கு வழிவிட்ட வாயில் மனிதருக்கும் வழிவிட்டது. கிழக்கே கொடுமணலில் 1985-ஆம் ஆண்டு முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த தொழிற்கூடங்களும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. மேற்கே பெரியாற்று முகத்தை அடுத்த பட்டணத்தில் 2007-ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் உரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டு ஐந்நூறுக்கு மேற்பட்ட உரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாக வெளிப்பட்டன. கிழக்கே செய்த மணி மேற்கே கப்பலேறவும், மேற்கே இறங்கிய காசு கிழக்கே செல்லவும் இக்கணவாய் துணை நின்றது என்று அறிஞர் கருதுவர்.

தெற்கே, ஆனைமலைக்கு அப்பால், அஞ்சுநாடு என்னும் மலைப்பள்ளத்தாக்கு உள்ளது. மறையூரும் காந்தளூரும் அதனுள் அடங்குவன. அங்குப் பிறக்கும் பாம்பாறு மேற்கே செல்லாது கிழக்கே ஓடி அமராவதியிற் கலக்கின்றது. ஆறு சென்ற திசையிலேயே அம்மக்களின் சந்தையும் உறவும் உடுமலைப்பேட்டையை நோக்கி அமைந்தன.

இவ்வாறு இயற்கை இணைத்த நிலத்தை ஆட்சிகள் மூன்றாகப் பிரித்தன. பாலக்காடு மலபார் மாவட்டத்தைச் சேர்ந்து, 1800-ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்தின்கீழ் இருந்தது. அதனை அடுத்த சிற்றூர் தாலுகா, நாற்புறமும் பிறர் நிலம் சூழ, தீவு போலக் கொச்சி அரசுக்கு உரியதாயிற்று. மறையூர் மலைகள் திருவிதாங்கூரைச் சார்ந்தன. காலையிற் புறப்பட்ட மாட்டுவண்டி மாலைக்குள் ஓர் ஆட்சியைவிட்டு மற்றோர் ஆட்சிக்குள் புகுந்துவிடும். வண்டிக்காரனுக்கு அது சுங்கச்சாவடித் தொல்லையாக முடிந்தது. ஆனால் உழவன் ஏர்முனையில் அகப்பட்ட பழம்பானைக்கோ அது தலைவிதியையே முடிவு செய்தது. பானை எந்த ஆட்சியின் மண்ணில் கிடைத்ததோ, அந்த ஆட்சியின் தலைநகரை நோக்கி அது பயணம் போகவேண்டியிருந்தது.

சென்னையின் பேழை

மலபாரின் பழம்புதைகுழிகளை முதன்முதலில் தோண்டி எழுதியவர் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர். மக்கள் 'பாண்டுகுழி' என்று வழங்கிய குழிகளைப் பற்றி அவர் 1819-ஆம் ஆண்டு எழுதியது, 1823-ஆம் ஆண்டு பம்பாய் இலக்கியக் கழகத்தின் வெளியீட்டில் அச்சேறியது. மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் மணிகளும் அக்குழிகளில் இருந்தன. குழி இருந்த ஊரிலோ, அடுத்த நகரிலோ அவற்றைக் காத்துவைக்க அந்நாளில் ஓர் அறைகூட இல்லை.

சென்னையில் அத்தகைய அறை 1851-ஆம் ஆண்டு பிறந்தது. எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர் நுங்கம்பாக்கத்துக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் அரசாங்கப் பொருட்காட்சிச் சாலையைத் தொடங்கினார். முதலில் அங்கிருந்தவை பெரும்பாலும் பாறைகளும் கனிப்பொருள்களுமே. 1854-ஆம் ஆண்டு அது எழும்பூரில் பாந்தியன் என்னும் மாளிகைக்கு மாறியது. கல்லைக் காண வராத மக்களை வரவழைக்க, உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் பால்பர் அங்கே கட்டிவைத்தார் என்பது சுவையான செய்தி. அதிலிருந்தே சென்னையின் விலங்குக் காட்சிச்சாலை தோன்றியது. பிற்காலத்தில் சென்னை மக்கள் விலங்குகள் இருந்த இடத்தை 'உயிர்க் காலேஜ்' என்றும், பொருட்காட்சிச் சாலையைச் 'செத்த காலேஜ்' என்றும் வேடிக்கையாக வழங்கினர். வேடிக்கைப் பெயராயினும், இரண்டும் கல்வி தரும் இடங்களே என்னும் கருத்து அதில் பொதிந்திருப்பது நோக்கத்தக்கது.

1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருளைக் கண்டவர் மாவட்டக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. பொன்னையும் செம்பையும் உருக்கிவிடும் வழக்கத்தை இச்சட்டம் ஓரளவேனும் தடுத்தது. 1882-ஆம் ஆண்டு ராபர்ட் சீவெல் என்னும் அதிகாரி, சென்னை மாகாணத்தின் தொன்மைச் சின்னங்களை மாவட்ட வாரியாகத் தொகுத்து அச்சிட்டார். மலபாரும் அத்தொகுப்பில் இடம்பெற்றது. 1885-ஆம் ஆண்டு முதல் 1908 வரை சென்னைச் சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் அங்கிருந்த உரோமானியக் காசுகளுக்குப் பட்டியல் வகுத்தார். இவ்வகையில் சென்னை நமக்குச் செய்த நன்மை பெரிது. ஆயினும், பாலக்காட்டு உழவன் கண்டெடுத்த ஒரு கலத்தை அவன் பேரன் காண வேண்டுமாயின், ஓரிரவு இரயிற்பயணம் செய்ய வேண்டியதாயிற்று.

திருவனந்தபுரத்தின் பேழை

திருவிதாங்கூரின் பொருட்காட்சிச் சாலை 1857-ஆம் ஆண்டு மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று நேப்பியர் பெயரால் விளங்கும் அழகிய கட்டடம், சிஷோம் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1880-ஆம் ஆண்டு நிறைவுற்றது. எனினும், பொருளைத் திரட்டுவது வேறு. பொருள் கூறும் வரலாற்றைப் படிப்பது வேறு. பின்னதை அங்கே ஊன்றியவர்களுள் முன்னிற்பவர் ஒரு தமிழர் என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம். ஆலப்புழையில் 1855-ஆம் ஆண்டு பிறந்து, திருவனந்தபுரத்துக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையே அவர். மனோன்மணீய ஆசிரியராக மட்டுமே அவரை அறிவோர் பலர். ஊர்தோறும் சென்று கல்வெட்டுகளைப் படியெடுத்து, திருவிதாங்கூரின் பழைய வேந்தர்களைக் குறித்து 1894-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டவரும் அவரே. பிழைக்க வந்த நாடு என்று எண்ணாமல், வாழ்ந்த நாட்டின் வரலாற்றைத் தம் கடமையாக ஏற்றவர் அவர். 1897-ஆம் ஆண்டு, நாற்பத்திரண்டே வயதில் அவர் மறைந்தார்.

பின்னர் 1908-ஆம் ஆண்டு து. அ. கோபிநாத ராவ் அவ்வரசின் தொல்பொருள் துறைக்குத் தலைவரானார். திருவிதாங்கூர்த் தொல்பொருள் வரிசை என்னும் வெளியீடு அவர் கையால் தொடங்கியது. வட்டெழுத்திலும் தமிழிலும் அமைந்த சாசனங்கள் பல அதில் அச்சேறின. ஆனால் அத்துறை தேடியது பெரும்பாலும் எழுத்தையும் கோயிலையுமே. மறையூர்ப் பாறைகளின்மேல் நின்ற கற்றிட்டைகளில் ஓரெழுத்தும் இல்லை. எழுத்தில்லாத கல்லுக்குச் சாசன வரிசையில் இடமில்லை. தலைநகருக்கோ மறையூர் எட்டாத் தொலைவு. ஆதலின் அவை நெடுங்காலம் ஆடு மேய்ப்போரின் துணையோடு மட்டுமே நின்றன.

திருச்சூரின் பேழை

மூன்றாவது பேழையே நமக்கு மிக அருகிலுள்ளது. கொச்சி சிறிய அரசு. ஆயினும் அது 1925-ஆம் ஆண்டிலேயே தனக்கெனத் தொல்பொருள் துறையை ஏற்படுத்திக்கொண்டது. அதனைப் பல்லாண்டுகள் நடத்தியவர் பி. அனுஜன் அச்சன். குன்னங்குளத்தைச் சுற்றியுள்ள செம்பாறை மேடுகளில், பாறையைக் குடைந்த ஈமக்குகைகளை அவர் திறந்து ஆராய்ந்தார். கொடுங்கல்லூரில் சேரமான் பறம்பு என்னும் இடத்தில் 1945-46-ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தார். அவ்வாண்டுகளையொட்டி எய்யால் என்னும் சிற்றூரில் 12 பொற்காசுகளும் 71 வெள்ளிக்காசுகளுமாக உரோமானியப் புதையல் ஒன்று வெளிப்பட்டது. அதனோடு முத்திரைக் காசுகளும் கலந்திருந்தன. உரோமானியக் காசும் இந்நாட்டுக் காசும் ஒரே கலத்தில் இருந்தமை, வணிகர் இரண்டையும் ஒருங்கே கையாண்டதற்குச் சான்றாகின்றது.

1948-ஆம் ஆண்டு இந்தியத் தொல்பொருள் துறையின் பி. கே. தாப்பர், போர்க்களம் என்னும் ஊரில் ஒரு தாழிப் புதையலை முறையாக அகழ்ந்தார். செம்பாறைக் கற்கள் வட்டமாகச் சூழ்ந்த இடத்தில் தாழியும், கறுப்புச் சிவப்புக் கலங்களும், இரும்புப் பொருள்களும், கோலமிட்ட சூதுபவள மணிகளும் கிடைத்தன. 1949-ஆம் ஆண்டு வி. டி. கிருஷ்ணசுவாமி தென்னாட்டுப் பெருங்கற்சின்னங்களை வகைப்படுத்தி, திட்டை எது, பதுக்கை எது, குடைக்கல் எது என்று தெளிவுபடுத்தினார். கொச்சிநாட்டுச் சின்னங்கள் அவ்வகைப்பாட்டிற்குப் பெருந்துணை செய்தன.

திருச்சூரில் 1938-ஆம் ஆண்டு ஸ்ரீமூலம் சித்திரசாலை என்னும் காட்சிக்கூடம் ஏற்பட்டது. கேரளக் கோயில்களின் சுவரோவியப் படிகள் அதில் வைக்கப்பட்டன. சித்திரசாலையாகத் தொடங்கிய இதுவே, பின்னர்த் தொல்பொருட் காட்சிச்சாலையாக வளர்ந்தது. 1975-ஆம் ஆண்டு இது கொல்லங்கோட்டு மாளிகையில் இடம்பெற்றது. இம்மாளிகையின் பெயரை நம் பாலக்காட்டு அன்பர்கள் உடனே அடையாளம் காண்பர். நெல்லியாம்பதி மலையடியில் உள்ள கொல்லங்கோட்டின் வாசுதேவ ராஜா, தம் மகளுக்காக 1904-ஆம் ஆண்டு திருச்சூரிற் கட்டுவித்த வீடே அது. எல்லையூர்த் தலைவர் ஒருவரின் வீடு எல்லைநாட்டுப் பழம்பொருளுக்கு இருப்பிடமானது பொருத்தமன்றோ? பின்னர், 2005-ஆம் ஆண்டு சக்தன் தம்புரான் அரண்மனை காட்சிச்சாலையாக்கப்பட்டு, தொல்பொருள்களும் காசுகளும் அங்கே வைக்கப்பட்டன. கொல்லங்கோட்டு மாளிகை சுவரோவியங்களுக்கு உரியதாயிற்று.

இணைந்த பின்னர்

1949-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மலபாரும் சேர்ந்து கேரளம் பிறந்தது. 1957-ஆம் ஆண்டு பாலக்காடும், 1972-ஆம் ஆண்டு இடுக்கியும் தனி மாவட்டங்களாயின. வரைபடத்தில் கோடுகள் மாறின. ஆனால் பேழைக்குள் சென்ற பொருள்கள் கோடுகளோடு சேர்ந்து திரும்பி வருவதில்லை. சென்னைக்குச் சென்றவை சென்னையிலும், திருவனந்தபுரத்திற்குச் சென்றவை அங்கும் தங்கின.

இதைக் குறையாக மட்டும் கூறுதல் நன்றன்று. அக்காட்சிச்சாலைகள் இல்லாதிருந்தால் அப்பொருள்களிற் பல நெருப்பிலும் சந்தையிலும் அழிந்திருக்கும். ஆயினும் இழப்பு ஒன்று உண்டு. ஒரு தாழி, அது புதைந்திருந்த மேட்டோடும், மேட்டருகே ஓடிய ஓடையோடும், அண்டையிலிருந்த ஊரோடும் சேர்ந்திருக்கும்போதே முழுக்கதையைக் கூறுகின்றது. தொலைவிலுள்ள கண்ணாடிப் பேழையில் அது 'மலபார்' என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிட்டால், கதையிற் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றது. அண்மையில் ஒரு காட்சிச்சாலை வேண்டும் என்று ஊரார் விரும்புவது இதனாலேயே.

பேழைக்குள் அடங்காதவை

மறையூரின் முனியறைகளோ எந்தப் பேழைக்கும் செல்ல முடியாதவை. நான்கு பக்கமும் கருங்கற் பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரும்பலகையை மூடி அமைத்த கல்லறைகள் அவை. வெற்றுப்பாறையின்மேல் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. முனிவர் தவம்செய்த அறைகள் என்பது ஊரார் கூற்று. வனவாசத்தில் பாண்டவர் மறைந்திருந்தமையால் ஊருக்கு மறையூர் என்று பெயர் வந்தது என்றும் சொல்வதுண்டு. தொல்பொருள் அறிஞர் இவற்றை இரும்புக்கால மக்களின் ஈமச்சின்னங்கள் என்பர். சங்க நூல்கள் பேசும் தாழியும் பதுக்கையும் இவ்வழக்கத்தோடு உறவுடையன.

இம்முனியறைகளிற் பல சாய்ந்தும் உடைந்தும் கிடக்கின்றன. மூடுகல் சரிந்த அறைக்குள் மழைநீர் தேங்குகின்றது. புதையல் இருக்கும் என்னும் பேராசையால் சில கற்கள் பெயர்க்கப்பட்டன; அறியாமையால் சில பிற தேவைகளுக்குப் போயின. இரண்டாயிரம் ஆண்டு மழைக்கும் காற்றுக்கும் ஈடுகொடுத்த கல், ஒரு கடப்பாரைக்கு ஈடுகொடுக்கவில்லை.

மலையிற் கிடைத்த ஒன்று மலையிலேயே தங்கியதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. மூணாற்றில் நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலைக் காட்சிச்சாலைக்குச் சென்ற நம் குடும்பத்தார் அதனைக் கண்டிருப்பர். தேயிலை உருட்டும் பழைய இயந்திரமும், 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்த மலை இரயிலின் எச்சமும், நாசரேத்துத் தொழிற்பள்ளியில் 1913-ஆம் ஆண்டு செய்யப்பட்ட கல் நிழற்கடிகாரமும் அங்குள்ளன. அவற்றினிடையே, பெரியகானல் எஸ்டேட்டின் அருகே கிடைத்த ஈமத்தாழி ஒன்றும் வைக்கப்பட்டிருக்கின்றது. அதன் காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்று அங்கே குறிக்கப்படுகின்றது. தேயிலையின் கதை கூற அமைந்த இடத்தில், தேயிலைக்கு இரண்டாயிரம் ஆண்டு முந்தைய தாழி நிற்கின்றது. கொழுந்து பறிக்கும் தாய் தன் மகளை அழைத்துச் சென்று, "இது நம் மலையில் கிடைத்தது" என்று விரல்நீட்டிக் காட்டக்கூடிய தொலைவில் அது இருக்கின்றது. அத்தொலைவே ஓர் உள்ளூர்க் காட்சிச்சாலையின் உயிர்.

பட்டயம் அன்று, பாடம்

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற விரும்புகின்றோம். பழம்பொருளைக் கண்டவுடன், "இது தமிழருடையது, ஆகவே இந்நிலம் எம்முடையது" என்று சிலர் கிளம்புவதுண்டு, அதற்கு மறுமொழியாக வேறு சிலர் கிளம்புவதுமுண்டு. தாழியில் உறங்கியவர் இவ்விருவர் வழக்கையும் அறியார். சேரநாட்டின் வரலாறு இன்று தமிழ் பேசுவோருக்கும் மலையாளம் பேசுவோருக்கும் பொதுவான முதுசொத்து. மலைகளில் முதுவரும் பிறரும் நமக்கு முன்பே வாழ்ந்துவருகின்றனர். பழம்பொருள் எவருக்கும் நிலப்பட்டயம் ஆகாது. அது கற்பிப்பது, இக்கணவாயும் இம்மலைப்பாதைகளும் என்றும் போக்குவரவு உடையனவாய் இருந்தன என்பதையே. வந்தவரும் வரவேற்றவருமாகவே இந்நாடு வளர்ந்தது. அவ்வரிசையிற் கடைசியாக வந்தவர்களுள் நாமும் அடங்குவோம். இவ்வுண்மை நம் பிள்ளைகளுக்குத் தலைநிமிர்வையும் தருகின்றது, அடக்கத்தையும் தருகின்றது.

நாம் செய்யத்தக்கது

காட்சிச்சாலை கட்டுதல் அரசின் பணி. ஆயினும் அதற்கு முற்பட்ட பணி ஒன்று நம்முடையது. வீட்டிற்கு வாணம் தோண்டும்போதோ தோட்டத்திற்குக் குழி எடுக்கும்போதோ பானையோ காசோ வெளிப்பட்டால், கடப்பாரையை அங்கேயே நிறுத்துதல் வேண்டும். உள்ளிருப்பதை வெளியே எடுக்காமல், வருவாய் அலுவலகத்திற்கும் தொல்பொருள் துறைக்கும் தெரிவித்தல் வேண்டும். புதையலையும் தொன்மைச் சின்னங்களையும் காக்கக் கேரள அரசு 1968-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டங்கள் உள்ளன. கிடைத்த இடம், ஆழம், நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவைத்தால், அத்தாள் அப்பொருளுக்கு இணையான மதிப்புடையதாகும். காட்சிச்சாலைக்குச் சென்ற கலங்கள் இழந்தது அந்தத் தாளைத்தான்.

முனியறைகளைக் காணச் செல்வோர் மூடுகல்லின்மேல் ஏறி நின்று படமெடுத்தலைத் தவிர்க்க வேண்டும். கல்லிற் பெயர் பொறித்தலும் தீது. விடுமுறையில் ஒருநாள் திருச்சூர்க் காட்சிச்சாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் நலம். சென்னைக்குச் செல்வோர் எழும்பூரையும், திருவனந்தபுரத்திற்குச் செல்வோர் நேப்பியர் சாலையையும் மறவாது காணுதல் வேண்டும். மூன்று பேழைகளிற் பிரிந்து கிடப்பவற்றை ஓரிடத்திற் சேர்க்க நமக்கு ஆற்றல் இல்லை. ஆனால் மூன்றையும் கண்ட ஒரு பிள்ளையின் உள்ளத்தில் அவை மீண்டும் ஒன்றுசேரும்.

அன்று அப்பிள்ளை தன் தம்பியிடம், "நமக்கு முன்னே இங்கு இருந்தவர்கள் இரும்பு செய்தார்கள், மணி கோத்தார்கள், இறந்தவரைப் போற்றினார்கள்" என்று தானே விடை கூறும். அவ்விடையைக் கேட்கும் பேறு நம் சங்கத்துப் பெற்றோர் அனைவர்க்கும் வாய்ப்பதாக.